பெய்ஜிங் கோடைக்கால அரண்மனை: வழிகாட்டி இல்லாமல் பார்க்க எந்த டிக்கெட், எந்த வாசல்?

தென்கரை:
ஏப்ரல் நடுவில் பெய்ஜிங் போகிறோம். கோடைக்கால அரண்மனைக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். நான்கு பேர். அம்மாவுக்கு 68 வயது, படி ஏறினால் முழங்கால் வலி. புக்கிங் தளங்களில் "செல்ஃப் கைடட் டிக்கெட்", "கூட்டு டிக்கெட்", "வரிசையில்லா டிக்கெட்" என்று ஆளுக்கொரு விலை போட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது? எந்த வாசலில் நுழைவது? குழு டூரில் போக விருப்பமில்லை.

நாலாம்லைன்:
"செல்ஃப் கைடட்" என்று தனிச் சரக்கே கிடையாது. வழிகாட்டி இல்லாமல் போகிற சாதாரண நுழைவுச் சீட்டைத்தான் இடைத்தரகர்கள் அந்தப் பெயரில் விற்கிறார்கள். கூடவே ஒரு வரைபடத்தையும் ஆடியோவையும் ஒட்டிவிட்டு விலையை ஏற்றுவார்கள். வழிகாட்டி வைத்தே ஆகவேண்டும் என்ற விதி அங்கே இல்லை.

நேரடி விலை இதுதான். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை நுழைவு 30 யுவான், மற்ற மாதங்களில் 20. கூட்டுச் சீட்டு 60, சீசன் இல்லாதபோது 50. உள்ளே தனிக் கட்டணம் கேட்கும் இடங்கள்: குன்றின் மேல் இருக்கும் ஃபோஷியாங் கோபுரம் 10, சூஜோ தெரு 10, பெரிய நாடக மேடை இருக்கும் தேஹே தோட்டம் 5, அருங்காட்சியகம் 20. நுழைவோடு எல்லாம் கூட்டினால் 75 வரும், கூட்டுச் சீட்டில் 15 மிச்சம். ஆனால் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டால் மொத்தமே 55தான். அப்போது 60 கொடுத்துக் கூட்டுச் சீட்டு எடுப்பவருக்கு 5 யுவான் நஷ்டம். பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. கோபுரத்துக்கும் சூஜோ தெருவுக்கும் அந்தந்த வாசலிலேயே தனிச் சீட்டு கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு 30 போதும். தேவைப்பட்டால் உள்ளே வாங்கிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை போகாதீர்கள். பூங்கா திறந்திருக்கும், ஏரி இருக்கும், ஆனால் இந்த நான்கு உள்ளிடங்களும் மூடியிருக்கும் (அரசு விடுமுறை நாள் தவிர). கூட்டுச் சீட்டும் அன்றைக்கு இல்லை.

படியேறி:
டிக்கெட்டை விட வாசல் முக்கியம். வடக்கு வாசல்தான் என் ஓட்டு. மெட்ரோ 4ஆம் லைனில் பெய்கோங்மென் ஸ்டேஷன், வெளியே வந்தால் ஐந்து நிமிடம்கூட நடக்கவேண்டாம்.

நுழைந்ததும் ஒரு கல்பாலம் வரும். அதன் மேலிருந்து பார்த்தால் கீழே நீர்மட்டத்தில் சூஜோ தெரு, இரண்டு கரையிலும் கடைகளோடு சுமார் 300 மீட்டர். பாலத்திலிருந்தே முழுவதும் தெரியும், 10 யுவான் கொடுத்து இறங்குவது உங்கள் இஷ்டம். அந்தக் கடைவரிசை 1860இல் எரிந்துபோனது, இப்போதிருப்பது 1990இல் கட்டி முடித்தது. நடைபாதை ஒடுக்கம், தண்ணீர்ப் பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசிக்கவேண்டும்.

பாலத்தைத் தாண்டினால் வான்ஷோ குன்றின் பின்சரிவு. திபெத்திய பாணியில் சிவப்புச் சுவர்க் கோயில்கள் படிப்படியாக மேலே போகும். உச்சியில் ஜிஹுய்ஹாய் என்ற மண்டபம். மர உத்தரமே இல்லாமல் வளைவுகளில் நிற்கிறது. வெளிச்சுவர் முழுக்க மெருகேற்றிய ஓட்டில் சின்னச் சின்னப் புத்தர்கள். கைக்கு எட்டிய வரிசைகளில் தலைகள் உடைக்கப்பட்டிருக்கும், மேல்வரிசைகள் முழுசாக இருக்கும். எது கைக்கு எட்டியது, எது எட்டவில்லை என்று சுவரே காட்டிக்கொடுக்கிறது. அங்கிருந்து கோபுரத்துக்கு இறக்கம்தான். முன்பக்கமாக வருகிற கூட்டம் செங்குத்துப் படியில் மூச்சு வாங்கும்போது நீங்கள் மேலிருந்து இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

கல்தச்சன்:
படியேறி சொல்வது கால்களுக்குச் சரி. தோட்டத்துக்குச் சரியல்ல. இந்த இடத்தை அமைத்தவர்கள் ஒரு வரிசையில் பார்ப்பதற்காக அமைத்தார்கள். வடக்கே நுழைகிறவர் கடைசிக் காட்சியை முதலில் பார்த்துவிடுகிறார்.

கிழக்கு அரண்மனை வாசல்தான் சடங்கு வாசல். உள்ளே முதலில் முற்றம், பிறகு ரென்ஷோ மண்டபம். அரசவை கூடிய இடம். எல்லாம் நேர்கோடு, சுற்றிலும் மதில், தண்ணீர் இருக்கிற சுவடே தெரியாது. மண்டபத்துக்குப் பின்னால் செயற்கைப் பாறைமேடு ஒன்று வழியை மறிக்கும். அதை ஒட்டி வளைந்து போகும் பாதையில் சில அடிகள் நடந்தால் மொத்த ஏரியும் ஒரேயடியாகத் திறக்கும். மறைத்துவைத்துக் காட்டுகிற இந்த உத்தி சீனத் தோட்டக்கலையின் உயிர். வடக்கு வாசலில் நுழைந்து குன்றின் மேலிருந்து ஏரியைப் பார்ப்பதும் அழகுதான், ஆனால் அது வரைபடத்தைப் பார்ப்பதுபோல ஆகிவிடும்.

ஏரிக்கரையில் நின்று மேற்கே பாருங்கள். தூரத்துக் குன்றின் மேல் ஒரு கோபுரம் தெரியும். அது யூச்சுவான் குன்று, பூங்காவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதற்குப் பின்னால் மேற்கு மலைகள். வெளியே இருப்பதைத் தோட்டத்தின் பின்னணியாகக் கடன் வாங்கிக்கொண்டார்கள். மொத்தப் பரப்பு சுமார் 290 ஹெக்டேர், அதில் முக்கால் பங்கு தண்ணீர். கண்ணுக்கு அதைவிடப் பலமடங்கு பெரிதாகத் தெரிவது அந்தக் கடனால்தான். புகைமூட்ட நாளில் மலை மறைந்துவிடும், அன்றைக்கு இந்த வித்தையே வேலை செய்யாது. மழை பெய்து காற்றடித்த மறுநாள் போகமுடிந்தால் நல்லது.

நாலாம்லைன்:
கிழக்கு வாசலுக்கு ஷியுவான் ஸ்டேஷன் (4, 16 ஆகிய இரண்டு லைனும் வரும்). அங்கிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் நடை. ஸ்டேஷனுக்கும் வாசலுக்கும் நடுவில் "இன்றைக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது, நான் உள்ளே விடுகிறேன்" என்று ஆட்கள் ஒட்டிக்கொள்வார்கள். நின்று பேசவே வேண்டாம்.

இன்னொரு குழப்பம். யுவான்மிங்யுவான் என்ற "பழைய கோடைக்கால அரண்மனை" வேறு இடம். தனி டிக்கெட், 4ஆம் லைனில் ஷியுவானுக்கு முந்தைய ஸ்டேஷன். நீங்கள் போக நினைப்பது யீஹேயுவான். புக்கிங் தளங்களில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுபோலவே இருக்கும், பணம் கட்டுமுன் ஸ்டேஷன் பெயரை வைத்துச் சரிபாருங்கள்.

தென்கரை:
யுவான்மிங்யுவான்தானே எரிக்கப்பட்டது? அப்படியானால் இது எரியவில்லையா?

கல்தச்சன்:
இரண்டும் எரிந்தன. சியான்லோங் பேரரசர் 1750இல் தாயாரின் 60ஆம் பிறந்தநாளை முன்வைத்து இதைத் தொடங்கினார். அப்போது பெயர் சிங்யீயுவான். ஏரியை வெட்டி அகலப்படுத்தி, அந்த மண்ணைக் குன்றில் கொட்டி உருவம் கொடுத்தார்கள். தலைநகருக்கு நீர்த்தேக்கமாகவும் அது பயன்பட்டது. 1860இல் ஆங்கிலேய - பிரெஞ்சுப் படைகள் இரண்டு தோட்டங்களையும் கொளுத்தின. (அந்தப் படையெடுப்பில் இந்தியப் படைகளும் இருந்தன. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவின் போர்க் கௌரவங்களில் 'பெக்கின்', அதாவது பெய்ஜிங், ஒன்று.) யுவான்மிங்யுவானை இடிபாடாகவே விட்டுவிட்டார்கள். இதை மட்டும் 1880களில் பேரரசித் தாய் சீஷி மீண்டும் கட்டி, 1888இல் யீஹேயுவான் என்று பெயர் மாற்றினார். கடற்படைக்கான பணம் இதில் கரைந்தது என்பது அன்றிலிருந்தே சொல்லப்படும் குற்றச்சாட்டு. 1900இல் எட்டு நாட்டுப் படைகள் மறுபடி சேதப்படுத்தின, 1902இல் பழுதுபார்த்தார்கள். 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஆகவே மரக்கட்டடங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சீஷி காலத்து மறுகட்டுமானம். நெருப்பில் தப்பியவை கல், ஓடு, வெண்கலம். மேலே சொன்ன ஜிஹுய்ஹாய், 1755இல் வார்த்த வெண்கல எருது, கோபுரத்துக்கு மேற்கே இருக்கும் வெண்கல மண்டபம் போன்றவை. நேரம் குறைவென்றால் அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

வல்லைவெளி:
முழங்கால் நோவு உள்ள ஆளை வடக்கு வாசலாலும் கொண்டுபோக வேண்டாம், கிழக்காலே போய்க் கோபுரம் ஏறவும் வேண்டாம். ரெண்டு பேரும் உங்களுக்குள்ள வாதாடுறியள், கேட்டவர் அம்மாவைப் பற்றித்தான் கேட்டவர்.

மூன்றாவது வழி ஒண்டு இருக்கு. ஷின்ஜியான் வாசல், ஏரியின்ரை தென்கிழக்குப் பக்கம். மெட்ரோவிலை இருந்து தூரம், டாக்சி பிடிச்சு நேரே அந்த வாசலிலை இறங்குங்கோ. உள்ளுக்கு வந்தவுடனே ஏரிக்கரை, எல்லாம் சமதரை. வெண்கல எருது, பிறகு 17 வளைவுப் பாலம். பாலம் 150 மீட்டர், ஏற்றம் மெதுவாத்தான் இருக்கும். கைப்பிடித் தூண்களிலை 544 சிங்கங்கள், ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி. பாலம் முடியிற இடம் நான்ஹு தீவு. அங்கை படகுத்துறை இருக்கு. படகிலை ஏறினா அக்கரையிலை 'பளிங்குப் படகு' எண்ட மண்டபத்தடியிலை இறக்கி விடுவினம். அங்கையிருந்து நீள்தாழ்வாரத்தாலே கிழக்கு நோக்கி நடந்தா, நிழலிலையே லெஷோ மண்டபம் வரை வரலாம். பிறகு யூலான், ரென்ஷோ மண்டபங்களைப் பார்த்திட்டுக் கிழக்கு வாசலாலே வெளியேறுங்கோ. பெரிய ஏற்றம் ஒண்டும் இல்லை. மண்டபங்களின்ரை நிலைப்படிகள்தான் உயரம், கை குடுத்துத் தாண்ட வைக்க வேணும்.

படியேறி:
ஒப்புக்கொள்கிறேன், அம்மாவுக்கு இதுதான் சரி. இரண்டு எச்சரிக்கை மட்டும். படகுக் கட்டணம் எந்தச் சீட்டிலும் சேராது, துறையிலேயே தனியாக வாங்கவேண்டும். ஒரு துறையிலிருந்து பல திசைக்குப் படகு போகும், எங்கே இறங்கவேண்டும் என்பதைக் கவுண்டரில் வரைபடத்தில் விரல்வைத்துக் காட்டி வாங்குங்கள். இரண்டாவது, காற்று பலமானால் படகை நிறுத்திவிடுவார்கள். பெய்ஜிங் ஏப்ரலில் காற்று சகஜம். படகு இல்லையென்றால் அம்மா தென்கோடியில் மாட்டிக்கொள்வார். அப்போது கிழக்குக் கரையோரமாகவே வடக்கே நடந்து யூலான் மண்டபத்துக்கு வந்துவிடுங்கள், அதுவும் சமதரைதான். மேற்குப் பக்கமாகச் சுற்ற முயலவேண்டாம், ஏரியை முழுதாகச் சுற்றினால் ஏழெட்டு கிலோமீட்டர் ஆகும்.

குளிர்காலத்தில் இந்த வழி கிடையாது. ஏரி உறைந்துவிடும், படகுக்குப் பதில் பனிச்சறுக்குத்தான்.

தென்கரை:
அருமை. வல்லைவெளி சொன்ன வழியில் அம்மாவும் மனைவியும் போகட்டும், நானும் மகனும் குன்றேறிவிட்டு வருகிறோம். எங்கே சந்திப்பது?

வல்லைவெளி:
பாய்யுன் வாசல். நீள்தாழ்வாரத்தின்ரை நடுவிலை, ஏரியைப் பார்த்தபடி இருக்கு. நீங்கள் கோபுரத்தாலே இறங்கி வெளியேறுறதும் அதாலேதான். தாழ்வாரத்திலை இருக்க இடமுண்டு, காத்திருக்கிற ஆளுக்குக் கஷ்டம் இல்லை. பளிங்குப் படகடியிலை சந்திக்கிறம் எண்டு சொல்லாதேங்கோ, அங்கை சனம் நெருக்கும். படகுக்குள்ளை ஏறவும் விடமாட்டினம். அடி மட்டும்தான் கல், மேலுக்கு மரத்தைப் பளிங்கு மாதிரிப் பூசினது. வெளியிலை நிண்டு பார்த்தாக் காணும்.

நாலாம்லைன்:
இரண்டாகப் பிரிந்து போகிறவர்கள் கவனிக்க: ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட், அசல், அவரவர் கையில். சீட்டு பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டைத்தான் ஸ்கேன் செய்வார்கள். நகல், போனில் எடுத்த படம் எல்லாம் செல்லாது. நான்கு பாஸ்போர்ட்டையும் குடும்பத் தலைவர் ஒரே பையில் வைத்துக்கொண்டு வேறு வாசலுக்குப் போய்விட்டால் மற்ற இருவரும் வெளியே நிற்கவேண்டியதுதான்.

முன்பதிவு 7 நாள் முன்பு திறக்கும். சாதாரண வாரநாளில் நுழைவுச் சீட்டு எளிதாகக் கிடைக்கும். மே 1 விடுமுறையும் அக்டோபர் 1 முதல் வாரமும்தான் ஆபத்து. வீசாட் என்ற சீனச் செயலிக்குள் இருக்கும் பூங்காவின் மினி புரோகிராமில் பதியலாம், அடம்பிடித்தால் வாசல் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வாங்கலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. படிவமோ அதை நிரப்பாமல் நகராது. பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு இயந்திர வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், அப்பா பெயரைப் புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்க்காதீர்கள். எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள், பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்து விழுவது வழக்கமான தவறு.

அரைச்சர்க்கரை:
பணம் பற்றி யாரும் சொல்லவில்லை. யுபிஐயை நம்பிப் போகாதீர்கள். பணம் செலுத்த அங்கே பயன்படும் அலிபே செயலியில் அல்லது வீசாட்டில் உங்கள் விசா / மாஸ்டர்கார்டை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணைத்துவிடவேண்டும். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கியே இருக்கும், வங்கிச் செயலியில் போய்த் திறக்கவேண்டும். ஓடிபி வருகிற சிம்முக்கு ரோமிங் போட்டிருக்கவேண்டும். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனதால்தான் படகுத்துறையில் நின்று திணறுகிறார்கள். அலிபேயில் 200 யுவானுக்குள் செலுத்தினால் கூடுதல் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். நால்வருக்கும் ஒரே பில்லாகப் போடும்போது இதை நினைவில் வையுங்கள். கையில் 200, 300 யுவான் சில்லறையாகவும் இருக்கட்டும்.

சாப்பாடு: உள்ளே விற்பது சோளம், சாசேஜ், கப் நூடுல்ஸ் வகை. சைவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. காய்கறி நூடுல்ஸ் என்றாலும் குழம்பில் இறைச்சி இருக்கும். ரொட்டி, வாழைப்பழம், தயிர் என்று வெளியிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிஷ்யூ பேப்பரும்.

படியேறி:
மேப் விஷயமும் முக்கியம். சீனாவில் வரைபட ஆயத்தொலைவுகளை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை, சட்டப்படி சற்று நகர்த்தியே வெளியிடுகிறார்கள். கூகுள் மேப் திறந்தாலும் உங்கள் நீலப் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி, சிலசமயம் ஏரிக்கு நடுவில் நிற்கும். ஆமாப் (Amap) என்ற சீன வரைபடச் செயலி அல்லது ஆப்பிள் மேப் வைத்துக்கொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் "கோடைக்கால அரண்மனை" என்று மட்டும் சொன்னால் பழக்கத்தில் கிழக்கு வாசலுக்கோ வடக்கு வாசலுக்கோதான் ஓட்டுவார். ஷின்ஜியான் வாசல் என்பதைச் சீன எழுத்தில் போனில் காட்டவேண்டும்.

வாசல்களில் வாடகைக்கு ஆடியோ கருவி கிடைக்கும். தமிழ் கிடையாது, ஆங்கிலம் உண்டு. இடத்தை உணர்ந்து தானாகப் பேசும் வகை. கூட்டத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவில் நின்றால் மாற்றிமாற்றி உளறும். முன்பணம் வாங்குவார்கள், அதனால் வேறு வாசலில் வெளியேறத் திட்டமிருந்தால் எங்கே திருப்பிக் கொடுப்பது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கல்தச்சன்:
கருவி இல்லாமலே பார்க்கச் சில குறிப்புகள்.

நீள்தாழ்வாரம் 728 மீட்டர், தூண்களுக்கு இடைப்பட்ட கண்கள் 273. பெரும்பாலோர் இதை நடைபாதையாகக் கடந்துவிடுகிறார்கள். நின்று மேலே பாருங்கள், ஒவ்வொரு உத்தரத்திலும் ஓவியம், கதைக்காட்சிகளும் நிலக்காட்சிகளும் பூ - பறவைகளும். அப்புறம் கீழே பாருங்கள். தாழ்வாரம் நேராக இல்லை, தரையும் மட்டமாக இல்லை, கரையின் வளைவோடும் மேடுபள்ளத்தோடும் போகிறது. திரும்பும் இடங்களில் எண்கோண மண்டபங்களை வைத்து அந்த வளைவை மறைத்திருக்கிறார்கள். மொத்தம் நான்கு, நான்கு பருவங்களுக்கு ஒன்றாக.

யூலான் மண்டபம் பார்க்கச் சாதாரணம். ஆனால் 1898இல் தான் கொண்டுவந்த சீர்திருத்தம் தோற்றபிறகு குவாங்ஷூ பேரரசரைச் சீஷி அடைத்துவைத்த இடம் அது. பக்கத்து அறைகளின் கதவுக்குப் பின்னால் எழுப்பிய செங்கல் சுவரை எட்டிப் பாருங்கள், இன்றும் இருக்கிறது.

ஷியேச்சு தோட்டத்தை விட்டுவிடாதீர்கள். வடகிழக்கு மூலையில் இருக்கிறது, தனிக் கட்டணம் இல்லை, டூர் குழுக்கள் அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. வூஷி நகரத்தின் ஜிச்சாங் தோட்டத்தை மாதிரியாக வைத்து அமைத்தது. குளத்தைச் சுற்றித் தாழ்வாரமும் மண்டபங்களும். பெரிய ஏரிக்குப் பிறகு இந்த அளவு மனதுக்கு இதம். கிழக்கு வாசலில் வெளியேறும் முன்பு அம்மாவுக்கு ஓய்வுக்கும் ஏற்ற இடம். சற்று உள்ளே நடக்கவேண்டும், ஆனால் குன்றேறத் தேவையில்லை.

மேற்குக் கரைமேடும் உண்டு, ஹாங்ஜோ மேற்கு ஏரியின் சூ கரையைப் பார்த்துச் செய்தது, ஆறு பாலங்கள். அவற்றில் யூதாய் பாலத்தின் உயர்ந்த வெள்ளை வளைவு தனி அழகு. மகன் நடக்கத் தயாராக இருந்தால் மட்டும்.

தென்கரை:
மகன் நடப்பான். ஏப்ரல் நடுவில் பூ இருக்குமா? எத்தனை மணிக்குப் போகவேண்டும்?

படியேறி:
லெஷோ மண்டபப் பக்கத்து மக்னோலியா மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தோடு முடிந்துவிடும். மேற்குக் கரையில் பீச் பூவின் கடைசியும் வில்லோவின் இளம்பச்சையும் கிடைக்கலாம். தாமரைக்கு ஜூலை, ஆகஸ்ட். ஏப்ரல் பாதிக்குமேல் பாப்லர், வில்லோ மரங்களின் பஞ்சு காற்றில் பறக்கும். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்கள் முகக்கவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

சீசனில் பூங்கா காலை 6 மணிக்கே திறக்கும். ஆனால் கோபுரம் முதலான உள்ளிடங்கள் தாமதமாகத் திறந்து மாலையில் சீக்கிரம் மூடும். அதனால் நீங்கள் இருவரும் ஏழு, ஏழரைக்கு மேற்கு வாசலில் நுழையுங்கள், அங்கே டிராம் நிறுத்தம் இருக்கிறது. கரைமேட்டில் வடக்கே நடந்து, குன்றின் பின்பக்கமாக ஏறினால் கோபுரம் திறந்தபிறகு மேலே இருப்பீர்கள். அம்மாவும் மனைவியும் ஒன்பதரைக்கு ஷின்ஜியான் வாசலில் வந்தால் போதும். பாய்யுன் வாசலில் பதினொன்றரைக்குச் சேரலாம். நீங்கள் மேலிருந்து இறங்கும்போது பின்பக்க நுழைவிலேயே கோபுரச் சீட்டை வாங்கிவிடுங்கள். முன்பக்கம் வெளியே வந்துவிட்டால் அதே சீட்டில் மறுபடி ஏறமுடியாது.

வல்லைவெளி:
போன் சார்ஜ் தீர்ந்தா ஆளை ஆள் தேடிப் பிடிக்கிறது கஷ்டம், அங்கை தாழ்வாரம் முழுக்கச் சனம். பாய்யுன் வாசலுக்கு முன்னாலே, ஏரிப் பக்கமா மரத்தாலை செய்த அலங்கார வளைவு ஒண்டு தனியா நிக்கும். அதுக்குக் கீழை எண்டு இப்பவே பேசி வையுங்கோ. பவர் பேங்கும் கொண்டு போங்கோ. விமானத்திலையும் ரயிலிலையும் கொண்டு போறதெண்டா அதிலை கொள்ளளவு அச்சடிச்சிருக்க வேணும், உள்ளூர் விமானத்துக்குச் சீனச் சான்று முத்திரையும் வேணும். இல்லாட்டி பாதுகாப்புச் சோதனையிலை எடுத்துப் போடுவினம்.

நாலாம்லைன்:
திரும்பும்போது கிழக்கு வாசல் எதிரில் டாக்சி பிடிக்கவேண்டாம். மாலை நான்கு மணிக்குமேல் அங்கே வண்டி நகராது, மீட்டர் போடாத ஆட்களும் அங்கேதான் நிற்பார்கள். அம்மாவுக்கு ஷியுவான் ஸ்டேஷன் வரை நடக்கமுடியாவிட்டால் அலிபேக்குள் இருக்கும் தீதி என்ற டாக்சிச் சேவையில் வண்டி அழையுங்கள், ஏறும் இடத்தை வாசலிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். மெட்ரோ என்றால் அலிபே போக்குவரத்துக் குறியீடு போதும்.